பாடத்தோடு பழகும் ஆங்கிலம்



எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இருள் பிரியும் வேளையில் ஒரு தாய் பால்வெட்டும் கத்தியும் வாளியுமாக மலையேறுகிறாள். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வெட்டிச் சேர்த்த பாலை இஸ்டோருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அங்கே சுவரோரம் ஒரு கலன் இருக்கிறது. அதன்மேல் ஒட்டிய தாளில் ஆங்கிலத்திலே சில வரிகள். பாலை உறையவைக்கும் அமிலம் அதனுள் இருக்கிறது; தோலிற் பட்டாற் புண்ணாக்கும்; கண்ணிற் பட்டாற் பார்வைக்கே ஊறு செய்யும். தாள் சொல்வதும் அதனையே. ஆனால் தாயால் அதனைப் படிக்க முடியாது.

அவளுடைய மகள் தோட்டப் பாடசாலையிலே எட்டாம் வகுப்பிற் படிக்கிறாள். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்து ஐந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அவளாலும் அத்தாளைப் படிக்க முடியவில்லை. எழுத்துக்களைக் கூட்டி ஒலிப்பாள், பொருள் விளங்காது. இத்தனைக்கும் அமிலம் இன்னதென்று விஞ்ஞான பாடத்திலே தமிழிற் கற்றிருக்கிறாள்; நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறுவதையும் கண்டிருக்கிறாள். ஆங்கில பாட வேளையிலோ, புகைவண்டி நிலையத்தில் இருவர் பேசிக்கொள்ளும் உரையாடலை மனனஞ் செய்திருக்கிறாள். ஒரு வேளையிற் பொருள் கிடைத்தது. மற்றொரு வேளையில் மொழி கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் அடிக்கும் மணியே சுவராக எழுந்துவிட்டது. அந்தச் சுவரை எடுத்துவிட இயலுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்துக்கு ஆங்கிலம் புதிய விருந்தாளி அன்று. காலையிற் கூடும் ‘பிரட்டு’ ஆங்கிலத்தின் ‘பரேட்’ என்னுஞ் சொல்லின் திரிபு என்பர். பேர் பதியும் ‘செக்ரோல்’, தோட்டத்தைப் பகுக்கும் ‘டிவிசன்’, பால் சேரும் ‘இஸ்டோர்’, சம்பளம் எழுதும் ‘ஆபீஸ்’ ஆகிய யாவும் ஆங்கிலமே. எழுத்தறியாத கிழவியின் வாயிலும் இச்சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. ஆயினும், இவை கட்டளையோடும் கணக்கோடும் வந்த சொற்கள்; கல்வியோடு வந்தவை அல்ல. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், அதன் பின்னர் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று விதித்தன. அவற்றின் பயனாகக் கிடைத்தது, பெரும்பாலும் ஒரே ஆசிரியரும் ஒரே மண்டபமுமாக, தமிழ் எழுத்தும் வாசிப்பும் எண்ணும் கற்பித்த சிறு பள்ளிக்கூடமே. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி பிறந்தபோதும் அதன் நிழல் தோட்டத்தின்மேல் முழுமையாகப் படியவில்லை. 1972ஆம் 1975ஆம் ஆண்டுகளிற் காணிச் சீர்திருத்தம் நிகழ்ந்து, அதன் பின்னர்த் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றபோதுதான் அவை நாட்டின் ஏனைய பாடசாலைகளோடு ஒரே வரிசையில் நிற்கத் தொடங்கின. ஆகவே, ஆங்கிலத்தில் தோட்டத்துப் பிள்ளை பின்தங்குவது அதன் மதியின் குறையன்று. காலம் தாழ்த்தித் திறந்த கதவின் குறையேயாம்.

இனி முறையைப் பார்ப்போம். ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்காகவே கற்பிப்பது ஒருவகை. கணிதம், விஞ்ஞானம், புவியியல் ஆகிய பாடங்களின் பொருளை எடுத்து, அதனூடாக ஆங்கிலத்தைக் கற்பிப்பது மற்றொரு வகை. பிள்ளைக்கு முன்னரே தெரிந்த பொருளுக்குத் தெரியாத சொல்லைச் சேர்ப்பதே இதன் உயிர்நாடி. தெரியாத பொருளைத் தெரியாத மொழியிற் புகட்டினால் இரண்டும் நில்லா. தெரிந்த பொருளோ மொழிக்குக் கைத்தடியாக நின்று உதவும்.

இறப்பர்ப் பாலையே எடுத்துக்கொள்ளலாம். பாலை வடிகட்டுவதும், நீர் கலப்பதும், அமிலம் சேர்ப்பதும், உறைந்த பாலை மறுநாள் உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்குவதும், புகைக்கூண்டிலே சில நாள் தொங்கவிடுவதும் பிள்ளை கண்ணாரக் கண்ட காட்சிகள். இவற்றை ஒழுங்காகச் சொல்லச் சொன்னால் வகுப்பிலே மிகவும் பின்தங்கிய மாணவனுங்கூட முன்வந்து சொல்வான். அவன் சொல்லச் சொல்ல ஆசிரியர் கரும்பலகையில் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதலாம். “தி லேட்டெக்ஸ் இஸ் கலெக்டட், இட் இஸ் ஸ்ட்ரெய்ண்ட், அசிட் இஸ் அடட்” என்று வரிசை வளரும். பத்து வாக்கியங்கள் எழுதி முடிவதற்குள் செயப்பாட்டுவினை என்னும் இலக்கணம், அந்தப் பெயரைச் சொல்லாமலே, வகுப்புக்குள் நுழைந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தமிழிலே பேசும் பிள்ளை, ‘பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றுவார்கள்’ என்று வினையெச்சங்களை அடுக்கிச் சொல்லும். செய்பவர் யாரென்று சொல்லாமலே செய்தி விளங்கிவிடும். ஆங்கில விஞ்ஞான நூலோ பாலையே எழுவாயாக்கி, அதற்கு என்னென்ன நேர்ந்தது என்று கூறும். செய்தவர் யாராயினும் ஆகுக, பொருளுக்கு நேர்ந்த மாற்றமே முக்கியம் என்பது விஞ்ஞானத்தின் நோக்கு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால், செயப்பாட்டுவினை ஏன் பிறந்தது என்பது புரிந்துவிடும். இலக்கணப் புத்தகத்திலே, ‘இராமன் மாம்பழத்தைத் தின்றான்’ என்பதை ‘மாம்பழம் இராமனால் தின்னப்பட்டது’ என்று நூறு முறை மாற்றி எழுதினாலும் இத்தெளிவு வராது. எவரும் அவ்வாறு பேசுவதில்லையல்லவா?

அந்த அமிலத்தின் பெயரிலேயே ஒரு பாடம் உண்டு. அது போமிக் அமிலம். இலத்தீன் மொழியில் எறும்புக்குப் ‘போர்மிக்கா’ என்று பெயர். இவ்வமிலத்தை முதலில் எறும்பிலிருந்து பிரித்தெடுத்தமையால் அப்பெயர் வந்தது. தோட்டத்து மரத்தில் ஏறிச் செவ்வெறும்பிடம் கடிபட்ட சிறுவனுக்கு இதைச் சொன்னால், அந்த எரிவோடு சேர்ந்து சொல்லும் நினைவில் நிற்கும்.

இரத்தினபுரிப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வேறொரு செல்வமும் வாய்த்திருக்கிறது. நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் ஒரே கனிப்பொருளின் இரு நிறங்கள். அக்கனிப்பொருளை ஆங்கிலத்தில் ‘கொருண்டம்’ என்பர். அச்சொல் தமிழின் ‘குருந்தம்’ என்பதிலிருந்து சென்றது. 1812இல் மோஸ் என்னும் செருமானிய அறிஞர் வகுத்த வன்மை அளவுகோலிலே வைரத்துக்குப் பத்தாம் இடமும் குருந்தத்துக்கு ஒன்பதாம் இடமும் உண்டு. ‘தூர்மலின்’ என்னும் மணியின் பெயரோ சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலம் என்றாலே அஞ்சி ஒடுங்கும் பிள்ளை, தன் மொழியும் அண்டை வீட்டார் மொழியும் அந்த ஆங்கிலத்துக்குச் சொற்கடன் கொடுத்தவை என்று அறியும்போது நிமிர்ந்து உட்காரும். அச்சம் நீங்குவதே கற்றலின் முதற்படி.

கணித பாடத்திலும் இதே வழி திறந்திருக்கிறது. பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளிலே கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் பல. ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலை கிடைக்கிறது. தொண்ணூறு கிலோகிராம் கொழுந்துக்கு எவ்வளவு தேயிலை என்று கேட்டால் கணக்கு வாழ்க்கையோடு ஒட்டி வரும். அதே கணக்கை நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களிற் கேட்டு, விடையை ஒரு வாக்கியத்தில் எழுதச் செய்தால், ‘எவ்வளவு’, ‘எத்தனை’, ‘மொத்தம்’, ‘மீதி’ என்பவற்றுக்குரிய ஆங்கிலம் கைவந்துவிடும். புவியியலிலோ தென்மேற்குப் பருவக்காற்று இருக்கவே இருக்கிறது. மழை நாளிற் பால் வெட்ட முடியாது. வெட்டினாற் பால் மழைநீரோடு வழிந்து வீணாகும். ஆகவே, மழைக் கணக்கு அந்த வீட்டின் அடுப்புக் கணக்கு. பாடசாலை முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்து, நாள்தோறும் அளந்து, வாரமுடிவில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி ஒட்டலாம். ஓராண்டு முடிவில் அதுவே அப்பாடசாலையின் சொந்த வாசிப்பு நூலாகிவிடும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்கள் அருகருகே அமரவேண்டும், அவ்வளவே. வாரத் தொடக்கத்தில் விஞ்ஞான ஆசிரியர், ‘இந்த வாரம் அமிலமும் காரமும்’ என்று ஆங்கில ஆசிரியரிடம் சொல்லவேண்டும். ஆங்கில ஆசிரியர் அதிலிருந்து பத்துச் சொற்களையும் இரண்டு வாக்கிய அமைப்புக்களையும் தெரிந்தெடுக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் தமிழிலே விளக்கி முடித்த பின்னரே ஆங்கில ஆசிரியர் அச்சொற்களைக் கையாளவேண்டும். இவ்வரிசை தலைகீழாக மாறினாற் பயன் கெடும்.

ஈண்டு ஒரு வினா எழலாம்: பாடங்களை முழுவதும் ஆங்கிலத்திலேயே கற்பித்துவிட்டால் என்ன? இந்நாட்டில் 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆங்கில மொழிமூலம் அனுமதிக்கப்பட்டது. 2002இல் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு முதல் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்பிக்கும் இருமொழிக் கல்வி தொடங்கியது. தாய்மொழி, சமயம், வரலாறு ஆகியவை தாய்மொழியிலேயே நின்றன. தகுதிவாய்ந்த ஆசிரியர்கள் உள்ள பாடசாலைகளுக்கு இது நல்ல வழியே. விஞ்ஞான ஆசிரியரைப் பெறுவதே அரிதாயுள்ள தோட்டப் பாடசாலை, அதை ஆங்கிலத்திலும் கற்பிக்க வல்ல ஒருவருக்காகக் காத்திருப்பின், பிள்ளைகளின் பருவம் கடந்துவிடும்.

பிற நாட்டு அனுபவமும் எச்சரிக்கை தருகிறது. மலேசியாவில் 2003இல் கணிதமும் விஞ்ஞானமும், தமிழ்ப் பள்ளிகள் உட்பட எங்கும், ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. ஆறே ஆண்டுகளில், 2009இல், அம்முறையைப் படிப்படியாகக் கைவிட அரசாங்கம் தீர்மானித்தது. கனடாவிலோ 1965இல், மொன்றியல் நகருக்கு அருகே, ஆங்கிலம் பேசும் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழியிலேயே பாடங்கற்கச் செய்து வெற்றி கண்டனர். ஆனால், அப்பிள்ளைகளின் வீட்டில் நூல்கள் இருந்தன; அவர்களுடைய தாய்மொழிக்கு எவ்வித இடரும் இருக்கவில்லை. அதே விதையைத் தோட்டத்து மண்ணில் இடுமுன் மண்ணைப் பார்க்கவேண்டும். கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கமின்ஸ் 1979இல் விளக்கிய வேறுபாடும் இங்கே பொருந்தும். அன்றாடம் உரையாடும் மொழித்திறன் ஒன்று. பாடநூலைப் படித்துச் சிந்திக்கும் மொழித்திறன் மற்றொன்று. முன்னது விரைவில் வரும். பின்னதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். தாய்மொழியிற் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கே அது பிறமொழியிலும் எளிதாகும்.

தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்று எவரும் எண்ணவேண்டாம். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே, ஆங்கிலத்தை வேண்டுவது தமிழின் குறையை நிரப்புவதற்கன்று. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு என்பது பாலம். பாலத்துக்கு இரு கரைகள் வேண்டும். தன் கரையில் உறுதியாகக் காலூன்றியவனே பாலத்தில் அச்சமின்றி நடப்பான்.

பெற்றோருக்கும் இதிற் பங்கு உண்டு. தாய் இஸ்டோரில் நடந்த வேலையை மாலையிலே தமிழிற் சொல்லட்டும். பிள்ளை மறுநாள் அதனை வகுப்பிற் சொல்லட்டும். ஆசிரியர் அதனை ஆங்கிலமாக்கட்டும். எழுத்தறியாத தாயுங்கூட அவ்வாறு தன் பிள்ளையின் ஆங்கிலக் கல்விக்கு உதவி செய்தவளாகிறாள். அவளுடைய உழைப்பு பாடமாகிறது. அவளுடைய அறிவுக்கும் பாடசாலையில் மதிப்புப் பிறக்கிறது.

சுவரோரம் இருக்கும் அந்தக் கலன் இன்னும் அங்கேயே இருக்கிறது. என்றேனும் ஒரு நாள், தாய்க்குச் சோறு கொண்டுபோகும் மகள் அதன்மேலுள்ள தாளைப் படித்து, ‘அம்மா, இது கையிலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டுமாம்’ என்று தமிழிலே சொல்வாளாயின், அன்று அவள் கற்ற ஆங்கிலம் பயன் பெற்றது எனலாம். பரீட்சையிற் பெறும் புள்ளி அதன் பின்னர் தானே வரும்.