எதிரணித் தலைவர் ஈந்த குருதி

ஒருவர் ஒரு விளையாட்டின் இரசிகராக மாறுவது எவ்வாறு? பெரும்பாலோர்க்கு அது இளமையிலேயே நேர்ந்துவிடுகிறது. தந்தையின் கைபிடித்து மைதானத்துக்குச் சென்ற மாலைப்பொழுதோ, பாடசாலை முற்றத்திற் பந்தெறிந்து விளையாடிய நாட்களோ அவர்களை அவ்விளையாட்டோடு பிணைத்துவிடுகின்றன. ஆனால், வேறொரு வாயிலும் உண்டு. ஆட்டத்தின் விதி ஒன்றையும் அறியாதவர், வெற்றி தோல்வியிற் சிறிதும் அக்கறை கொள்ளாதவர், ஒரு நாள் ஒரு வீரரைப் பற்றிய செய்தியொன்றைக் கேட்கிறார். அச்செய்தியில் ஓட்டக் கணக்கு இல்லை. வெற்றிக் கிண்ணமும் இல்லை. மனிதனுக்கு மனிதன் செய்த உதவி மாத்திரமே இருக்கிறது. அன்று முதல் அவ்வீரரின் பெயரைப் பத்திரிகையிலே தேடத் தொடங்குகிறார். பெயரைத் தேடியவர் நாளடைவில் ஆட்டத்தையும் அறிந்துகொள்கிறார்.

இவ்வாறு பலரைக் கிறிக்கெற்றின்பால் ஈர்த்த நிகழ்ச்சியொன்று 1962ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில் நடைபெற்றது.

அவ்வாண்டு இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளிற் சுற்றுப் பயணஞ் செய்துகொண்டிருந்தது. அணியின் தலைவர் நரி கொன்ட்ராக்டர்; இடக்கையால் ஆடும் தொடக்கத் துடுப்பாட்ட வீரர். சில மாதங்களுக்கு முன்னரே, இங்கிலாந்து அணியைத் தொடரொன்றில் இந்தியா முதன்முறையாக வென்றபோது, அவ்வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் அவர். வயதோ இருபத்தெட்டு. மார்ச் 17ஆம் நாள், பிரிட்ஜ்ரவுண் நகரிற் பார்படோஸ் அணிக்கெதிராக அவர் ஆடிக்கொண்டிருந்தார். தலைக்கவசம் என்பதை எவரும் அறியாத காலம் அது. சார்லி கிறிபித் என்னும் வேகப் பந்து வீச்சாளர் எறிந்த பந்து எழும்பி வந்து அவருடைய தலையைத் தாக்கியது. மண்டையோடு பிளந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பெற்ற அவர் உயிருக்கு மன்றாடும் நிலையில் இருந்தார். உடனே சத்திர சிகிச்சை செய்தாக வேண்டும். அதற்குக் குருதி வேண்டும்.

இந்திய வீரர்கள் சிலர் குருதி கொடுக்க முன்வந்தனர். தம் தோழரைக் காக்க அவர்கள் விரைந்தது இயல்பே. ஆனால், அவர்களோடு இன்னொருவரும் தம் கையை நீட்டினார். அவர் பிராங் வொரல்; மேற்கிந்திய அணியின் தலைவர். எந்த அணியை வெல்வதற்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தாரோ, அந்த அணியின் தலைவருக்கே தம் குருதியை ஈந்தார். புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, அச்செயலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கொன்ட்ராக்டர் பிழைத்துக்கொண்டார். பின்னர் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் அவருடைய தலையில் உலோகத் தகடொன்று பொருத்தப்பெற்றது. அறுபது ஆண்டுகள் அவரோடிருந்த அத்தகடு 2022ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டது. முதல்தர ஆட்டங்களுக்கு அவர் மீண்டார். எனினும், நாட்டின் சார்பில் டெஸ்ற் ஆட்டம் ஆடும் வாய்ப்பு அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் இந்தியா தோல்வியுற்றது.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். அந்தப் பந்து பெரும் பகைக்கு வித்தாகியிருக்கக் கூடும். கிறிபித்தின் பந்துவீச்சு முறை விதிக்கு மாறானது என்று அதே ஆட்டத்தில் நடுவர் ஒரு முறை தீர்ப்பளித்தார். குற்றஞ்சாட்ட விரும்புவோர்க்கு இதனினும் வேறென்ன வேண்டும்? ஆயினும், அடிபட்டவரே பந்து வீசியவரைப் பழிக்கவில்லை. தம் கவனம் சிதறியதே காரணம் என்றார். இந்திய மக்களின் நினைவிலும் அந்தப் பந்தைக் காட்டிலும் வொரல் ஈந்த குருதியே ஆழமாகப் பதிந்தது. ஒருவருடைய கனிவு இரு நாடுகளுக்கிடையே எழக்கூடிய கசப்பைக் கழுவிவிடும் ஆற்றலுடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வொரல் ஆட்டத்தில் எவர்க்கும் இளைத்தவரல்லர். 1950-51ஆம் ஆண்டுப் பருவத்திற் பொதுநலவாய அணியோடு இலங்கைக்கு வந்த அவர், கொழும்பு ஓவல் மைதானத்திலே இலங்கை அணிக்கெதிராக 285 ஓட்டங்களைக் குவித்தார். மேற்கிந்திய அணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தொடர் முழுவதற்கும் தலைவராக நியமிக்கப்பெற்றது அவர் காலத்திலேயே முதன்முறையாக நிகழ்ந்தது. அவருடைய தலைமையில் 1960ஆம் ஆண்டு டிசெம்பரிற் பிரிஸ்பேனில் நடந்த ஆட்டம், டெஸ்ற் வரலாற்றிலே முதன்முறையாகச் சமநிலை எண்ணிக்கையில் முடிந்தது. அத்தொடரில் அவருடைய அணி தோற்றது. தோற்ற அணியை வழியனுப்ப மெல்பேர்ண் வீதிகளிற் பெருந்திரளான மக்கள் கூடினர்.

இத்தனை பெருமைகளும் ஆட்டத்தை அறிந்தவர்க்கே விளங்குவன. பிரிட்ஜ்ரவுண் மருத்துவமனையில் அவர் செய்ததோ எல்லார்க்கும் விளங்குவது. இருநூற்றெண்பத்தைந்து ஓட்டங்களின் அருமையை அறியாத மூதாட்டியும், பிறர் பிள்ளைக்குக் குருதி கொடுத்தவனின் அருமையை அறிவாள்.

1967ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதிலே வொரல் மறைந்தார். அவரைக் கொண்டு சென்ற நோய் இரத்தப் புற்றுநோய். பிறருக்குக் குருதியீந்தவரைக் குருதியில் வந்த நோயே கொள்ளைகொண்டது. ஆயினும் அக்கொடை அவரோடு மறைந்துவிடவில்லை. 1980களின் தொடக்கம் முதலாகக் கல்கத்தா நகரில் வங்காளக் கிறிக்கெற் சங்கம், பெப்ரவரி 3ஆம் நாளை வொரலின் நினைவு நாளாகக் கொண்டு இரத்த தானம் நடத்தி வருகிறது. அவர் ஆடியதை ஒருபோதும் காணாத இளைஞர்கள் அவர் பெயரால் தம் கையை நீட்டுகின்றனர். அவர்கள் கொடுக்கும் குருதி யாருக்குச் செல்கிறதென்பதை அவர்கள் அறியார். பெறுபவரும் கொடுத்தவரை அறியார்.

கனிவைக் கண்டு இரசிகராவது ஆட்டத்தை மதியாமையாகாதோ என்று வினவுவாரும் உளர். திறமைக்கே முதலிடம் என்பர் அவர். அது நியாயமே; மைதானத்தில் நற்குணம் ஓட்டங்களாக எண்ணப்படுவதில்லை. ஆனால், திறமையைக் கண்டு வந்த இரசிகர், திறமை தளரும்போது வேறொருவரை நாடிச் செல்வர். குணத்தைக் கண்டு வந்தவரோ அவ்வாறு செல்வதில்லை. வீரர் தோற்ற நாளிலும், ஓய்வு பெற்ற பின்னரும், மறைந்த பின்னருங்கூட அவர் இரசிகராகவே இருக்கிறார்.

வொரலின் ஓட்டங்கள் ஏடுகளிற் பதிவாகியுள்ளன. அவற்றை ஒரு நாள் வேறொருவர் மிஞ்சலாம். 1962ஆம் ஆண்டு அவர் ஈந்த அச்சிறிதளவு குருதிக்கு எந்த ஏட்டிலும் எண்ணிக்கை இல்லை. ஆண்டுதோறும் யாரோ ஒருவருடைய உடலில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.