இருமலை முதலில் கேட்டவர்கள்



பன்றி வளர்ப்பின் அடிப்படைகளையும் பன்றி இனங்களையும் பற்றித் தமிழில் பேசுவதற்காகப் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் புக்கிட் பெலிம்பிங்கில் கூடியிருக்கிறோம். இந்த ஆய்வரங்கத்துக்குத் தலைமை தாங்குகிறவன் என்ற முறையில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே கருத்து. பன்றியைப் பற்றிய அறிவு, பன்றியைத் தொட்டு வேலை செய்கிறவரிடம், அவருடைய மொழியில் இருக்க வேண்டும். அது இல்லாதபோது என்ன நேரும் என்பதை இந்த மலேசிய நாடு ஒருமுறை பார்த்துவிட்டது.

1998-இல் ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இதுவோ பன்றியைக் கையாண்ட வளர்ந்த ஆண்களையே அதிகம் தாக்கியது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். கொட்டகைகளில் பன்றிகள் குரைப்பதுபோல உரக்க இருமின. ‘ஒரு மைல் இருமல்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. பெயர் வருமுன் அதை நாள்தோறும் கேட்டவர்கள், தீவனம் வைத்தவர்களும் கொட்டகை கழுவியவர்களும்தான்.

பயந்துபோனவர்கள் பன்றிகளை விற்றார்கள். விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. சிலாங்கூரின் சிப்பாங்கும் தப்பவில்லை. சிங்கப்பூரின் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சுவா கோ பிங் அது ஒரு புதிய வைரஸ் என்று கண்டறிந்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு நிலைத்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் மாண்டார்கள். பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம்மவர்களும் அவர்களில் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்டதைக் கீழே பன்றி தின்றது. பழமரத்தைக் கொட்டகைக்கு அருகில் வைக்காதே என்பது எவருக்கும் புரியும் விதி. அந்த விதி பிறக்க 105 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

இந்தத் துயரத்தை நெஞ்சில் வைத்தே அடிப்படைகளுக்கு வருகிறேன். தமிழருக்குப் பன்றி வளர்ப்பு புதிதன்று. தொல்காப்பிய மரபியல் பன்றியின் ஆணைக் களிறு என்றும், பெண்ணைப் பிணவு என்றும், குட்டியைக் குருளை என்றும் சொல்ல இடம் தருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, பெண் பன்றியோடு சேரவிடாமல், நெல்மாவு ஊட்டிப் பல நாள் கொழுக்கவைக்கும் செய்தி வருகிறது. அடைத்து வளர்ப்பது, இணை சேராமல் பிரித்து வைப்பது, மாவுத் தீவனம் கொடுப்பது என்று இன்றைய பண்ணையின் மூன்று பாடங்கள் அதில் இருக்கின்றன.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சினை பிடிக்காத பன்றி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பிறக்கும் குட்டி ஒன்றேகால் கிலோ அளவே இருக்கும். அதன் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. நம் வெப்ப நாட்டிலும் இரவின் ஈரத்தரையில் அது குளிரால் சாகும். முதல் நாளே சீம்பால், படுக்க உலர்ந்த இடம், மேலே விளக்குச் சூடு, சில நாளில் இரும்புச்சத்து ஊசி ஆகியவை கிடைத்தால் குட்டி பிழைக்கும். தாய்க்கோ இதற்கு நேர்மாறான தேவை. வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளப் பன்றியால் இயலாது. சேற்றில் புரள்வது அதனால்தான். அதை அழுக்குப் பிராணி என்று பழிக்கிறவர்கள் நிழலும் நீரும் கொடுத்துப் பார்க்கட்டும். இடமிருந்தால் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளியே அது சாணம் போடும்.

இனங்களைப் பற்றித் தனி அமர்வே இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் நிமிர்ந்த காதும் நிறைய குட்டியும் உடையது. டென்மார்க்கின் லாண்ட்ரேஸுக்குத் தொங்கும் காது, நீண்ட உடல். இவ்விரண்டும் கலந்த தாயோடு அமெரிக்காவின் செம்பழுப்பு டியூராக் ஆணைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தாயிடமிருந்து குட்டிகளின் எண்ணிக்கையும் பாலும், தந்தையிடமிருந்து வளர்ச்சியும் இறைச்சித் தரமும் கிடைக்கின்றன. ஆனால் இந்த மும்முனைக் கலப்பில் பிறந்ததையே மீண்டும் இனப்பெருக்கத்துக்கு நிறுத்தினால் கலப்பின் வீரியம் குறைந்துவிடும். வங்கத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா போன்ற நாட்டினங்கள் எளிய தீவனத்திலும் தாக்குப்பிடிப்பவை. எந்த இனம் சிறந்தது என்ற கேள்விக்கு, நம் தீவனமும் கொட்டகையும் தாங்கும் இனம் என்பதே என் விடை.

தீவனம் என்றதும் இந்த மண் நினைவுக்கு வருகிறது. இதே கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மலிவான தீவனம். ஆனால் அதில் நார் மிகுதி. அசைபோடும் மாட்டுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஒற்றை வயிறுள்ள பன்றிக்கு அளவாகவே சேர்க்க வேண்டும்.

செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் காட்டுப்பன்றியை நீங்கள் அறிவீர்கள். நோய் அதன் வழியாகவும் வரும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியானபோது அங்கே காட்டில் வாழும் தாடிப்பன்றிகளும் மடிந்தன. பின்னர் அது தீபகற்பத்துக்கும் வந்தது. மனிதருக்கு அது தொற்றாது, பன்றிக்கு மருந்து இல்லை. வைரஸ் இறைச்சியிலும் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் பயணம் செய்யும். ஆகவே வேட்டையாடிய கையோடு கொட்டகைக்குள் போகாதீர்கள். சாப்பாட்டுக்கடை மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றாதீர்கள். நுழைவாயிலில் காலணி மாற்றுங்கள். வேலியில்லாத கொட்டகை கதவில்லாத வீடு.

இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் வாழ்கின்றன. அதே கரையில் பன்றியை விலக்கிய சமயத்து அண்டை வீட்டார் வாழ்கிறார்கள். உரிமம் பெற்று, குடியிருப்புக்குத் தள்ளி, கழிவை மூடிய தொட்டியில் சேர்த்து எரிவாயுவும் எருவும் ஆக்குகிறவரே இந்தத் தொழிலை மானத்தோடு செய்ய முடியும். ஆற்றில் கலக்கும் ஒரு வாளிக் கழிவு நம் அனைவரின் பெயரையும் கெடுக்கும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தம் ஆய்வின் பயனை ஒரு பக்கத்தில், கொட்டகைச் சுவரில் ஒட்டக்கூடிய தமிழில் எழுதித் தாருங்கள். தொழிலாளத் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். பன்றி தின்ன மறுத்தால், காது சிவந்தால், இருமினால், நாளும் நேரமும் குறித்துவையுங்கள், அன்றே சொல்லுங்கள். உங்கள் காது கேட்டதை 1998-இல் எவரும் எழுதி வைக்கவில்லை. இனி நாம் எழுதி வைப்போம்.

ஆய்வரங்கத்தைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் முதல் கேள்வி, கொட்டகை கழுவும் ஒருவரிடமிருந்து வரட்டும்.