ஒரு ரிங்குக்கு என்ன விலை?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரே அமர்ந்திருக்கும் சிக்கன சிகாமணிகளே, பழவேற்காட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே!

"வீட்டுல வைஃபை இருக்கு, அப்புறம் போனுக்கு ரீசார்ஜ் எதுக்கு?" என்று எதிரணி அம்மா கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சிங்கப்பூர் மகனோடு வாட்ஸ்அப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறோம், தனியாகப் பைசா கிடையாது என்றார்கள். வாஸ்தவம்தான். பழைய எஸ்.டி.டி. பூத்தை நினைச்சுப் பாருங்க. வாய் பேசும், கண்ணு மீட்டரையே பார்க்கும். "நல்லா இருக்கியா"ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள போனை வச்சுடுவோம்! (சிரிப்பு) 1995-ல் செல்போன் வந்தபோது நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். அது ஒழிந்தது 2003-ல். ஆகவே மகனோடு பேச வைஃபை வரப்பிரசாதம். ஒத்துக்கறேன்.

நான் கேட்பது, வீட்டுக்காரரோட எப்படிப் பேசுவீங்க?

அவர் ஏரியில இருக்கார். இந்த ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. இந்த இடத்தில் இன்னிக்கு இன்னார் வலை போடலாம் என்று முறை வச்சுப் பிரிச்சுக்கறது. ஊருக்கெல்லாம் பாடுன்னா கஷ்டம். இங்கே பாடுன்னா சோறு! (கைதட்டல்) பாடு வந்த அன்னிக்கு மனுஷன் இருட்டோட படகுல போறார். உங்க வீட்டு வைஃபை எட்டுறது வாசல் வரைக்கும். மிஞ்சினா பக்கத்து வீட்டுப் பையன் வரைக்கும். (பலத்த சிரிப்பு) டவர் சிக்னல் தண்ணி மேலயும் கொஞ்ச தூரம் போகுமே!

எதிரணித் தம்பி, "போனுக்குள்ளேயே வைஃபை காலிங் இருக்கே" என்றார். இருக்கு. 2019 டிசம்பரில் ஏர்டெல் கொண்டுவந்தது, அடுத்த மாசமே ஜியோ. ஆனால் தம்பி, அது சிம்முக்குப் பணம் கட்டினவங்களுக்கு! அதே நம்பர், அதே திட்டம், போகிற வழி மட்டும் வைஃபை. வாட்ஸ்அப் தொடங்கக்கூட ஒரு போன் நம்பர் வேணும். ரீசார்ஜ் பண்ணாமலே கிடந்தா அந்த நம்பரை ஒருநாள் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் உங்க பேங்க் ஓ.டி.பி. யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

இன்னொண்ணு. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும்போது படகு கடலுக்குப் போய்வர என்ன பாடுபடுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே படகு புரண்டால் கூப்பிட வேண்டிய எண் 1554, கடலோரக் காவல் படை. இல்லேன்னா 112. வாட்ஸ்அப்பில் இந்த எண்களைக் கூப்பிட முடியாது நடுவர் அவர்களே! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் டவரும்தானே படுத்துச்சு என்பார்கள். படுத்துச்சு, மறைக்கல. ஆனா டவருக்கு பேட்டரி இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும். நம்ம வீட்டு வைஃபை பெட்டி கரண்ட் போன அதே நொடி கண்ணை மூடிடும்.

காசுதான் பிரச்னைன்னா வழி இருக்கு. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுத்தாகணும்னு 2024 டிசம்பரில் டிராய் கம்பெனிகளுக்கு விதி போட்டது. பட்டன் போன் வச்சிருக்கிற மனுஷன் தலையில இன்டர்நெட்டையும் சேர்த்துக் கட்டாதேன்னு அர்த்தம். கடையில அதைக் கேட்டு வாங்குங்க. கேட்காம அவங்களா சொல்ல மாட்டாங்க!

கடைசியா ஒண்ணு. முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்ததும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இந்தம்மா எடுக்க மாட்டாங்க. எடுத்தா காசுன்னு இல்ல, அடிச்சதே போதும். எழுந்துபோய் உலை வைப்பாங்க. அந்த ஒரு ரிங்குக்கு மாசம் எவ்வளவு கொடுக்கலாம்? விலையை நடுவரே சொல்லட்டும்.

(கைதட்டல்)