திங்கட்கிழமைத் தலைவலி



விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் வாரச் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஆலை வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும்போது, ஏறுகிற ஆண்களில் சிலருக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருக்கும். ஒருவர் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, "இன்னைக்கு நான் செத்தேன்" என்பார். முந்தின இரவு அவரோடு அதே இடத்தில் அதே அளவு குடித்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, இதுக்கே இப்படியா?" என்று சிரிப்பார்.

இரண்டு பேருக்குள்ளும் போனது ஒரே சரக்கு. ஒருவரை மட்டும் வலி ஏன் இப்படிப் போட்டுப் புரட்டுகிறது?

உடல்வாகு, சாப்பிட்ட சாப்பாடு, தூங்கிய நேரம், பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. மதுவை உடைக்கும்போது கல்லீரல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. அதை எவ்வளவு விரைவில் வெளியேற்ற முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீர் அதிகம் பிரிவதால் உடம்பு வறண்டுபோகிறது. குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கம் அரைகுறைத் தூக்கம். இவையெல்லாம் ஓரளவு தெரிந்த சங்கதிகள். இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு காரணத்தை இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் முன்வைத்தார்கள். குடித்தவர் வலியை எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் அது.

சாம் ராயல் என்பவரும் அவருடைய சகாக்களும் 86 பேரிடம் விவரம் கேட்டார்கள். எவ்வளவு குடித்தீர்கள், மறுநாள் என்னென்ன செய்தது என்பதோடு வேறு சில கேள்விகளும் இருந்தன. வலி வந்தால் உங்கள் மனம் என்ன சொல்லும்? "இது தீரவே தீராதோ" என்று நினைப்பீர்களா? அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பீர்களா? "என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிட்டுவிடுவீர்களா? கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் மைக்கேல் சல்லிவன் குழுவினர் 1995-ல் உருவாக்கிய 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் இது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. வலியை அசைபோடுவது, பெரிதுபடுத்துவது, கையாலாகாமல் தவிப்பது என்ற மூன்றையும் அது அளக்கிறது. இதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களே மறுநாள் அவதியும் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள்.

86 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அவர்களே சொன்னதுதான் ஆதாரம். பயத்தால் வலி பெரிதானதா, பெரிய வலியை அனுபவித்து அனுபவித்துப் பயம் வந்ததா என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வலியைப் பற்றி மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவருவதோடு இது ஒத்துப்போகிறது. 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர், உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது என்றார்கள். அந்தக் கதவை அகலத் திறப்பதிலும் ஒருக்களித்துச் சாத்துவதிலும் மூளைக்கும் பங்கு உண்டு. பயம் அதைத் திறந்துவிடும். நம்பிக்கை கொஞ்சம் சாத்தும்.

இதை விருதுநகர்க்காரர்களுக்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலில் அக்கினிச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்திருப்பார்கள். கனன்றுகொண்டிருக்கும் சட்டி, சட்டிக்கும் கைக்கும் நடுவில் வேப்பிலை, தெருவெல்லாம் பங்குனி வெயில். சட்டியை ஏந்தியவர் முகத்தில் வேதனை இருக்கும், மிரட்சி இருக்காது. சாதாரண நாளில் காய்ச்சலுக்கு ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவராகக்கூட அவர் இருக்கலாம். நேர்ந்துகொண்ட வலி வேறு, வந்து விழுந்த வலி வேறு. அதே மனிதர் விரதம் இருக்கும் நாட்களில் மதுவைத் தொடுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொரிஷியஸ் தமிழர்களிடம் நேர்ந்துகொண்ட வலியின் விளைவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு அங்கே அலகு குத்திக் காவடி எடுக்கும் பக்தர்களை திமித்ரிஸ் சிகலாத்தாஸ் என்ற மானுடவியலாளரின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2019-ல் வெளிவந்த ஆய்வில், அலகு அதிகம் குத்திக்கொண்டவர்கள் பிறகு தங்கள் நலம் கூடியிருப்பதாக உணர்ந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். நாள்பட்ட நோயோடு இருந்தவர்களே அதிக வேதனையைத் தேடி ஏற்றுக்கொண்டார்கள். வலிக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டால் மனம் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. குடித்த மறுநாள் தலைவலிக்கு அப்படி ஒரு பொருளும் இல்லை. குற்ற உணர்வும், வீட்டுச் சண்டையும், கரைந்த சம்பளமும்தான் அதற்குத் துணை. அது பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "சரிதான், மனசைத் திடமா வச்சுக்கிட்டா மறுநாள் ஒண்ணும் செய்யாது" என்று யாராவது முடிவுக்கு வந்தால், அது பேராபத்து. அதுவும் இந்த வட்டாரத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாஸ்மாக் குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, பாட்டிலில் ஏறத்தாழ 42.8 சதவீதம் மது என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுத்த மது கிட்டத்தட்ட 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஒருவருடைய கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 அல்லது 8 கிராம் மதுவைத்தான் கழிக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும், பழைய சோற்று நீராகாரம் குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ஒரு குவார்ட்டர் இறங்க எட்டு மணி நேரம். இரண்டு குவார்ட்டருக்குப் பதினாறு மணி நேரம். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு குவார்ட்டர் குடித்தவருக்கு, திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் உடம்பு காலியாகும். காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில் நிற்கும்போது உள்ளே இன்னும் 30 கிராம் மது இருக்கிறது. வரும் வழியில் ஒரு கட்டிங், அதாவது அரைக் குவார்ட்டர், அடித்துவிட்டு வந்து நிற்பதற்கு அது சமம்.

இன்னொன்றும் உண்டு. மறுநாள் அவதி உச்சத்துக்குப் போவது, இரத்தத்தில் மது ஏறத்தாழ முழுவதும் இறங்கும் நேரத்தில். ஆக, காலை எட்டு மணிக்கு "எனக்குத் தலைவலியே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் தெளிந்துவிட்டார் என்று பொருளல்ல. இறங்காத மதுவே வலியை அமுக்கி வைத்திருக்கலாம்.

அந்த எட்டு மணிக்கு ஆலையில் என்ன நடக்கும்? வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் நடக்கும். மருந்து கலப்பதும் செலுத்துவதும்தான் அவை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவற்றை எடை பார்த்து, சலித்து, கையால் பதமாகக் கலக்க வேண்டும். அறை வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலில் செருப்பு கூடாது, நைலான் துணி கூடாது. தட்டைத் தரையில் தரதரவென்று இழுக்கக் கூடாது. வியர்வை ஈரம்கூடக் கலவைக்கு ஆகாது. புருவத்திலும் நகக்கண்ணிலும் வெள்ளி நிறத்தில் பவுடர் அப்பிக்கொண்டிருக்கும் அந்த வேலையில், ஒவ்வொரு அசைவும் நிதானத்தைக் கேட்கிறது. ஒரு விநாடி கை தவறி உராய்ந்தால் போதும்.

மறுநாள் மனிதனுடைய நிதானம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. கடற்படை விமானிகள் பத்துப் பேருக்கு மது கொடுத்து, பதினான்கு மணி நேரம் கழித்து விமானம் ஓட்டுவது போன்ற மாதிரிக் கருவியில் உட்காரவைத்தார்கள். குடிக்காத நாளில் ஓட்டியதைவிட அநேகமாக எல்லா அளவிலும் தடுமாற்றம் தெரிந்தது. தேர்ந்த விமானிகள், பயிற்சி பெற்ற கைகள், பதினான்கு மணி நேர இடைவெளி. அவர்கள் கதியே அது என்றால், எட்டு மணி நேரம்கூடத் தூங்காமல் மருந்து அறைக்குள் போகிறவரை என்னவென்று சொல்வது?

இங்கேதான் வேனில் சிரித்த அந்த ஆளை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. "செத்தேன்" என்று முனகியவரை ஃபோர்மேன் பார்த்துவிடுவார். வீட்டுக்கு அனுப்புவார், இல்லையென்றால் பெட்டி கட்டும் இடத்தில் உட்காரவைப்பார். வலியை அலட்சியம் செய்கிறவர் நேராகத் தன் அறைக்குப் போய்விடுவார். வலி பொறுப்பது இந்த மண்ணில் ஆண்மைக்கு இலக்கணமாகவே ஆகிப்போனது. அந்தப் பொறுமையால் குறைவது வலி மட்டும்தான். கையின் வேகமும் கண்ணின் கவனமும் அதனால் திரும்பி வந்துவிடுவதில்லை.

வலிக்கு அஞ்சுகிறவருடைய ஆபத்து வேறு. அவர் வலியைப் போக்க உடனே எதையாவது தேடுவார். பெட்டிக்கடையில் இரண்டு தலைவலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடுவார். தொடர்ந்து குடிப்பவருக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும். இல்லாவிட்டால், "முள்ளை முள்ளால எடுக்கணும்" என்று மறுபடியும் குடிப்பார். டாஸ்மாக் கடை திறக்கும் நேரத்தை 2016-ல் காலை பத்திலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்கு மாற்றினார்கள். முந்தின நாளே வாங்கிப் பதுக்கியவருக்கும் திருட்டுத்தனமாக விற்பவரிடம் வாங்குகிறவருக்கும் அந்த நேரக் கணக்கு கிடையாது. அந்தக் காலைக் குடி வலியைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். பலருக்கு அடிமைப் பழக்கம் வேர் பிடிப்பது இங்கிருந்துதான்.

நேயர்கள் ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும். நெடுநாளாகத் தினமும் குடிப்பவருக்குக் காலையில் கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், படபடப்பு வந்தால், அது வெறும் மறுநாள் அவதி இல்லை. மது கிடைக்காமல் உடம்பு தவிக்கும் நிலை அது. அப்படிப்பட்டவர் வைராக்கியமாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தக் கூடாது என்பது 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளிலேயே இருக்கிறது. தள்ளாடுகிறவரை யாரும் உள்ளே விடப்போவதில்லை. தள்ளாடாமல், வாடை தெரியாமல் பாக்குப் போட்டுக்கொண்டு, சிரித்தபடி வருகிறவரைத்தான் விதி பிடிக்கத் தவறுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 38 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த விபத்துகளைக் குடியோடு முடிச்சுப்போடுவது நியாயமில்லை. கூட்டமாக ஆட்களை வைத்தது, விதிமீறல், உராய்வு என்று இங்கே நடக்கும் விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் வேறு. ஆனால் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. பக்கத்து அறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்கள். இன்னொருவருடைய ஞாயிற்றுக்கிழமைக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

மது வேண்டாம் என்ற குரல் விருதுநகருக்குப் புதிதில்லை. 1956-ல் சங்கரலிங்கனார் இங்கே சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தது, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. அவர் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் நாடு முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் ஒன்று. இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

ஆகவே ஆலை நடத்துபவர்களுக்கும் ஃபோர்மேன்களுக்கும் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை காலையில், "ராத்திரி குடிச்சேன், இன்னைக்கு மருந்து வேலை வேண்டாம்" என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் அவரைத் திட்டாதீர்கள், கூலியை வெட்டாதீர்கள். பேப்பர் வேலைக்கோ பெட்டி கட்டவோ அனுப்புங்கள். உண்மை சொன்னால் கூலி போகும் என்ற நிலை இருக்கும்வரை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். தொழிலாளர் சகோதரர்களே, தலை வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தோம் என்று பாருங்கள். குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.