வெப்ப சிகிச்சை: பெயர் ஒன்று, சிகிச்சை இரண்டு



நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்த்தவன். ஆனால் வைத்தியத்துக்காக டெபாசிட்டை உடைக்க வந்த பலரைக் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். கல்லீரல், பித்தநாளப் புற்றுநோய்க்கு 'வெப்ப சிகிச்சை' என்று வாட்ஸப்பில் செய்தி வருகிறதே, அதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பெயரில் இருப்பது இரண்டு வேறு சிகிச்சைகள்.

முதலாவது, கட்டியைச் சுட்டு அழிப்பது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் மூலம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். கல்லீரலிலேயே தோன்றிய புற்றுநோய் ஆரம்ப நிலையில், 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. எல்லோருக்கும் பொருந்தாது. பெரிய ரத்தக்குழாய் அருகில் இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய பித்தநாளம் அருகில் இருந்தால், அது புண்படலாம்.

இரண்டாவது, ஹைப்பர்தெர்மியா. உடலின் ஒரு பகுதியைக் கருவி மூலம் சுமார் 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்குவது. கீமோ, ரேடியேஷன் இன்னும் நன்றாக வேலை செய்ய உதவும் துணைச் சிகிச்சை இது. தனியாக நோயைத் தீர்ப்பதல்ல. 2000-ம் ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷனோடு இதையும் பெற்றவர்களில், மூன்று ஆண்டுக்குப் பின் நூற்றுக்கு 51 பேர் உயிரோடு இருந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 27 பேர். நல்ல பலன்தான். ஆனால் கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் அப்படி உறுதியான சான்று இன்னும் இல்லை. ஒருவர் கணக்கில் உள்ள பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைக்க முடியாதல்லவா?

பித்தநாளப் புற்றுநோய்க்கு, முடிந்தால் அறுவை சிகிச்சை. முடியாதபோது பெரும்பாலும் கீமோ. இவைதான் இன்றும் முதன்மை. 'துணை' என்று சொல்லப்படுவதை நம்பி இவற்றைத் தள்ளிப்போட்டால், போன நாட்கள் திரும்பி வராது. வெந்நீர்ப் பையும் நீராவிக் குளியலும் இந்தச் சிகிச்சையில் சேராது.

எனவே பணம் கட்டும்முன் நான்கு கேள்வி கேளுங்கள். இது இரண்டில் எது? எங்கள் நோய்க்கும் நிலைக்கும் சான்று உண்டா? நடக்கும் சிகிச்சையோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா? ஆராய்ச்சி என்றால் ஏன் கட்டணம்? பதிலை எழுதி வாங்கி, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளியின் மனம் கலங்கியிருக்கும். கூடப் போகும் நாம்தான் தெளிவாகக் கேட்க வேண்டும்.