வாயில்லாப் பிராணிகளின் பேச்சு



காலையில் கொட்டகைக்குப் போனதும் மாட்டின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். அசை போடாமல், காது தொங்க ஒதுங்கி நின்றால், அதற்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொள்கிறோம். இதுவும் ஒரு படிப்புதான்.

குதிரை வளர்ப்போர் இந்தப் படிப்பில் தேர்ந்தவர்கள். குதிரையின் மனம் அதன் காதில் தெரியும். காதுகள் முன்னால் நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் சாய்ந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோபம், விலகிவிட வேண்டும். முன்காலால் தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, விழுந்து புரண்டால் கடும் வயிற்றுவலி. மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணில் படமாட்டார். அதனால் குரல் கொடுத்தபடி, பக்கவாட்டில் நெருங்க வேண்டும்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். 1994-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகள் மூச்சுத் திணறி மாண்டன. அவற்றைப் பராமரித்த பயிற்சியாளரும் மாண்டார். அந்தக் கிருமியின் உறவுக் கிருமி ஒன்றுதான் பின்னர் நம் நெகிரி செம்பிலானுக்கும் வந்தது.

1998-இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் நோய் தொடங்கியது. அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு அது சுங்கை நிப்பா, புக்கிட் பெலண்டோக் வரை வந்து சேர்ந்தது. பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமின, மூச்சு வாங்கின, சில நடுங்கித் தள்ளாடின. ஆனால் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டதால், அது வழக்கமான நோய்களில் ஒன்றாகவே தோன்றியது. மனிதருக்குக் கண்ட மூளைக்காய்ச்சலோ கொசுவால் வருவதென்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசுக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இதுவோ பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. பழந்தின்னி வௌவால்களே அதன் இருப்பிடம். மலேசியாவில் 265 பேரை அந்நோய் தாக்கி, 105 பேரின் உயிரைக் குடித்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. உயிரையும் பிழைப்பையும் இழந்த குடும்பங்கள் பல.

நேயர்களே, பன்றிகளின் இருமல் ஒரு செய்தியாகவே இருந்தது. அதைப் படிக்கத்தான் நாள் பிடித்தது. ஆகவே, நம் ஆடு, மாடு, கோழிகளின் வழக்கமான நடையை அறிந்து வைப்போம். அது மாறினால், பிராணியைத் தனியே கட்டுவோம். அதைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். நோயுற்றதை விற்கவோ, வேறு தோட்டத்துக்கு அனுப்பவோ வேண்டாம். கால்நடை இலாகாவுக்குத் தகவல் சொல்வோம். பராமரித்தவருக்குக் காய்ச்சல் கண்டால், பிராணிக்கு வந்த நோயையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவோம்.

வாயில்லாப் பிராணி தன் உடம்பால் பேசுகிறது. அதைக் கேட்கப் பழகினால் அதுவும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.