பிழைச் செய்தியைப் படித்தறிவோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்வியைக் கண்ணெனக் காத்துவரும் இச்சங்கத்தின் விழாவில், நம் வீட்டுக் கணிப்பொறியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், கல்வி உதவித்தொகைக்கும் அரசுப் பணித் தேர்வுக்கும் கணிப்பொறி வழியே விண்ணப்பிக்கும் இக்காலத்தில், கடைசி நாளன்று அது இயங்க மறுத்தால் ஓர் இளைஞனின் ஓராண்டு வீணாகும்.

தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகள் வழியே, தட்டச்சுப் பொறியைக்கூடக் கண்டிராத குடும்பங்களுக்குள் கணிப்பொறி நுழைந்தது. அது பெரும்பேறே. ஆனால், பொறி வந்த வேகத்தில் அதன் இயல்பை எடுத்துரைப்போர் வரவில்லை. கறுத்த திரையில் ஆங்கில வரியொன்று தோன்றியவுடன், "கெட்டுவிட்டது" என்று பொறியை மூலையில் வைத்துவிட்ட வீடுகள் பல. கடைக்குக் கொண்டுசென்றோரிற் பலரும், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும்" என்னும் ஒரே மருந்தைப் பெற்றுத் திரும்பினர்.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பிழைச் செய்தி நம்மை விரட்டும் அதட்டல் அன்று. குறை எங்கே உள்ளது என்று பொறியே காட்டும் குறிப்பு. அதனை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது எந்த வேளையில் தோன்றியது என்பதையும் உடன் எழுதுங்கள்.

வேளை ஏன் வேண்டும்? பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் உடனே எழுவதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரல் முதலில் விழித்து, நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கின்றது. பின்னர் வன்தட்டைத் தேடி, இயங்குதளத்தை அழைக்கின்றது. ஆகவே, விண்டோஸ் சின்னம் தோன்றுமுன் வரும் செய்தி பெரும்பாலும் உறுப்புகளைப் பற்றியது, அல்லது தொடக்க ஏற்பாட்டைப் பற்றியது. முகப்புத் திரை வந்தபின் தோன்றும் செய்தி பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியது. இவ்வொரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி வழி கடந்தவராவோம்.

முதலாவது, "சிமாஸ் செக்சம் எரர்" என்னும் செய்தி. இதனுடன் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தைக் காக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்தது என்பதே இதன் பொருள். மேசைக் கணிப்பொறிகளில் அது பெரும்பாலும் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் கலம். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அதே வகைக் கலத்தை மாற்றி, நாளைத் திருத்தினால் போதும். நாள் தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பொறி கருதி, விண்ணப்பப் பக்கங்களையே திறக்க மறுக்கும். சிறு கலமொன்று தேர்வின் வாயிலை அடைப்பதைக் காண்மின்!

இரண்டாவது, "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்பது. முதலில் பென்டிரைவ் ஏதேனும் செருகியுள்ளதா என்று பாருங்கள். பொறி அதிலிருந்து எழ முயன்றிருக்கலாம். இல்லையெனில், பயாஸ் திரையில் வன்தட்டின் பெயர் தெரிகின்றதா என்று நோக்குங்கள். தெரிந்தால் நம்பிக்கை உண்டு. தெரியாவிடின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். உப்பளக் காற்று வீசும் நம் அதிராம்பட்டினத்தில் உலோக முனைகள் அரிப்பது இயல்பு. வன்தட்டு 'டக் டக்' என ஒலித்தால் உடனே நிறுத்தித் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, நம் மடிக்கணினிகளுக்கே உரிய தொல்லை. அரசு வழங்கியவற்றுள் பலவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டில் எதை எழுப்புவது என்று கேட்பது கிரப் என்னும் நிரல். இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழித்தால், கிரப்பின் பெரும்பகுதியும் அதனோடு அழியும். மறுநாள் "கிரப் ரெஸ்க்யூ" என்னும் சொற்களோடு பொறி நின்றுவிடும். விண்டோசும் கோப்புகளும் உள்ளே அப்படியே இருக்கும். வாயிற்காவலன் மட்டுமே இல்லை. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவின் பழுதுநீக்கப் பகுதி வழியே தொடக்கப் பதிவைத் திரும்ப எழுதலாம். இதற்காக அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை.

நான்காவது, முகப்புத் திரை வந்தபின் நாள்தோறும் "ஸ்பெசிஃபைடு மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்" என்று தோன்றுவது. பென்டிரைவ் வழியே வந்த வைரசை நச்சுநீக்கி அகற்றியிருக்கும். ஆனால் அதனை அழைக்கும் கட்டளை எஞ்சியிருக்கும். மாற்றுச்சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டில் நீக்காவிட்டால், ஆசிரியர் காலைதோறும் அப்பெயரை அழைப்பாரல்லவா? அதுவே இது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலோ, அங்கில்லையேல் டாஸ்க் ஷெட்யூலரிலோ அப்பெயரைத் தேடி நிறுத்துங்கள். செய்தி ஓயும்.

ஓர் எச்சரிக்கை. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் கூரையோடு காகிதங்களையும் இழந்த குடும்பங்களின் துயரை நாம் அறிவோம். சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் படியெடுக்கப்பட்டுக் கணிப்பொறியில் இருக்குமாயின், அவற்றை வேறோரிடத்திலும் சேமித்து வையுங்கள். அதற்குமுன் எவரும் பொறியை அழித்தெழுத இசையாதீர்கள்.

எழுத்து நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மறுப்பார் இல்லாத இடத்தில், ஒரு வரி ஆங்கிலத்திற்கு அஞ்சி நாமே படிக்காதிருப்பது தகுமோ? சங்கப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். தோன்றிய செய்தி, செய்த செயல், கண்ட பயன் என மூன்று பத்திகள் போதும். ஒரு வீட்டில் கற்றது பத்து வீட்டுக்கு உதவும். கடைக்காரர் கூறுவதை மெய்யா என்று வினவும் துணிவும் அதனாற் பிறக்கும்.

 வாழ்க கல்வி! வளர்க சங்கம்!